ரேனாக்ஸ் டிசிஆர்-250: டெலி ஜூமின் முகப்பில் ஒரு பூச்சிக் கண்ணாடி

பூச்சிப் படம் எடுக்க ஆசைப்படுகிறவர்களுக்கு எடுத்த எடுப்பில் மேக்ரோ லென்ஸைப் பரிந்துரைப்பது வழக்கம். அதற்கு முன் 55-250 அல்லது 70-300 மி.மீ. டெலி ஜூம் ஏதாவது கையில் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். இருந்தால் மேக்ரோ லென்ஸைத் தாராளமாகத் தள்ளிப்போடலாம். அந்த ஜூமின் முகப்பில் கவ்விக்கொள்ளும் டிசிஆர்-250 என்ற க்ளோஸ்-அப் கண்ணாடி, பெரும்பாலான மேக்ரோ லென்ஸ்கள் நின்றுவிடுகிற ஒன்றுக்கு ஒன்று (பூச்சியின் உண்மை அளவிலேயே பிம்பம் சென்சாரில் விழுவது) என்ற அளவைத் தாண்டிப் போகும். ஆனால் இது எல்லாப் பூச்சிக்கும் ஆகிற கண்ணாடி இல்லை. ஒளிக்கு வழி பண்ணாமல் வாங்கினால் நாலு நாளில் அலுத்துப்போய்ப் பைக்குள் கிடக்கும்.

முதலில் கண்ணாடியைப் பார்ப்போம். ஜப்பானின் யோஷிடா இண்டஸ்ட்ரி தயாரிப்பு. திறன் 8 டயாப்டர், அதாவது குவியத்தூரம் 125 மி.மீ. உள்ளே இரண்டு தொகுதிகளாக மூன்று கண்ணாடிகள். இந்த மூன்றுதான் விஷயமே. +1, +2, +4, +10 என்று செட்டாக வரும் க்ளோஸ்-அப் ஃபில்டர்களில் இருப்பது ஒற்றைக் கண்ணாடி. நடுப்பகுதி ஏதோ தேறினாலும், ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் பொறிவண்டின் முதுகில் விழுகிற வெள்ளைப் பளபளப்பைச் சுற்றி ஊதாவும் பச்சையும் கசிந்து நிற்கும். அப்பர்ச்சரை (லென்ஸுக்குள் ஒளி நுழையும் துளை) குறுக்கினாலும் அந்த ஓரக் கசிவு போகாது. டிசிஆர்-250-இல் அந்த நிறப்பிரிவைத் திருத்தியிருக்கிறார்கள். வெயிலுக்கு எதிரே பனித்துளியை வைத்து எடுக்கும்போது மட்டும் துளியின் விளிம்பில் மெல்லிய நிறக்கோடு தெரியலாம். ரா கோப்பில் (கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பு) எளிதாகப் போய்விடும்.

எத்தனை மடங்கு பெரிதாக்கும் என்பது பின்னால் இருக்கும் லென்ஸைப் பொறுத்தது. கணக்கு சுலபம்: ஜூமை முடிவிலிக்கு ஃபோகஸ் செய்துவிட்டு, அதன் குவியத்தூரத்தை 125-ஆல் வகுத்தால் உருப்பெருக்கம் கிடைக்கும். 100-இல் 0.8 மடங்கு, 200-இல் 1.6, 250-இல் சரியாக 2, 300-இல் 2.4. சென்சாரின் அகலம் 23.5 மி.மீ. என்றால், 200-இல் ஃப்ரேமின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை அடங்குவது 15 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு. 300-இல் 10 மி.மீ. ஒரு சுள்ளெறும்பு அங்கே தாராளமாக நடக்கும், ஒரு தட்டானின் தலை மட்டும்தான் நுழையும்.

இந்தக் கணக்குக்கு லென்ஸின் உண்மையான குவியத்தூரத்தைப் போட வேண்டும். கிராப் காரணியால் (சிறிய சென்சாருக்கு ஈடாகப் பெருக்கும் எண்) பெருக்கிய எண்ணைப் போட்டால் விடை தப்பும். பிரிட்ஜ் கேமராக்களில் (லென்ஸைக் கழற்ற முடியாத நீள ஜூம் கேமராக்கள்) இந்தக் குழப்பம் அதிகம். 600 மி.மீ. என்று விளம்பரப்படுத்தும் ஒரு கேமராவில் உண்மைக் குவியத்தூரம் 108 மி.மீ.தான் இருக்கும். வகுத்தால் 0.86. ஏமாற்றமாகத் தோன்றும், ஆனால் சென்சாரின் அகலம் வெறும் 6.2 மி.மீ. என்பதால் ஃப்ரேமில் அடங்குவது 7 மி.மீ.தான். 300 மி.மீ. ஜூம் தருவதைவிட இறுக்கமான ஃப்ரேம். சிறிய சென்சாரின் இரைச்சலைப் பொறுத்துக்கொள்பவர்களுக்கு இந்தக் கண்ணாடியும் பிரிட்ஜ் கேமராவும் நல்ல ஜோடி.

கூடாத ஜோடி கேமராவோடு வரும் 18-55 கிட் லென்ஸ். 55-இல் கிடைப்பது 0.44 மடங்கு. அதற்குக் கீழே சுற்றினால் வட்டமான கறுப்புச் சட்டத்துக்குள் படம் தெரியும். இந்தக் கண்ணாடியைக் குறை சொல்பவர்களில் பலர் மாட்டிப் பார்த்தது இந்த லென்ஸில்தான். 70-300-இலும் 70 பக்கம் மூலைகள் கறுக்கும். பெரிய சென்சார் கொண்ட முழு ஃப்ரேம் கேமராவில் அந்தக் கறுப்பு இன்னும் கொஞ்ச தூரம் தொடரும். ஜூமை 100-க்கு மேல் தள்ளிவிட்டுத்தான் வேலையையே தொடங்க வேண்டும்.

இதையே கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவே போடும் எக்ஸ்டென்ஷன் ட்யூபில் செய்ய முடியாதா என்று கேட்பவர்கள் உண்டு. 12, 20, 36 மி.மீ. மூன்றையும் சேர்த்தால் 68 மி.மீ. அதை 50 மி.மீ. லென்ஸுக்குப் பின்னால் போட்டால் 1.36 மடங்கு கூடும்; 200 மி.மீ.க்குப் பின்னால் போட்டால் 0.34தான். க்ளோஸ்-அப் கண்ணாடி இதற்கு நேர்மாறு: நீள லென்ஸில்தான் அதன் பலம். ஆக, 50 மி.மீ. மட்டும் வைத்திருப்பவர் ட்யூப் வாங்கட்டும், டெலி ஜூம் வைத்திருப்பவர் ரேனாக்ஸ் வாங்கட்டும். இரண்டையும் ஒரே லென்ஸில் சேர்த்துப் போடுவது செய்யக்கூடியதுதான், செய்யத் தேவையில்லாதது.

ட்யூப் போட்டால் ஒளி குறையும், இதில் குறையாது. இது அனுகூலம்தான், ஆனால் இதிலிருந்து ஒரு குழப்பமும் கிளம்புகிறது. சாதாரண மேக்ரோ லென்ஸ் ஒன்றுக்கு ஒன்று அளவில் எஃப்/11-இல் (இந்த எண் கூடினால் அப்பர்ச்சர் சுருங்கும்) நிற்கும்போது உண்மையில் எஃப்/22-க்கு நெருக்கமாக வேலை செய்கிறது. முடிவிலியில் நிறுத்திய ஜூமில் ரேனாக்ஸ் மாட்டினால் எஃப்/11 எஃப்/11-ஆகவே இருக்கும். எனவே மேக்ரோ லென்ஸ்காரர்கள் சொல்லும் எண்ணை அப்படியே எடுத்துக்கொண்டால் கூர்மை ஆழம் (முன்பின்னாகக் கூர்மையாகத் தெரியும் அளவு) போதாமல் போகும். டெலி ஜூமில் எஃப்/11-லிருந்து எஃப்/16 வரை தயங்காமல் போகலாம். எஃப்/22-இல் படம் மொத்தமாக மென்மையாகத் தொடங்கும். அதே கண்ணாடியை 100 மி.மீ. மேக்ரோ லென்ஸில் மாட்டி, அந்த லென்ஸையும் அதன் மிகக் குறைந்த தூரத்தில் வைத்தால் இரண்டு மடங்குக்குச் சற்று மேல் கிடைக்கும். அங்கே எஃப்/8, மிஞ்சினால் எஃப்/11 போதும். ஆனால் பூச்சிக்கும் கண்ணாடிக்கும் நடுவே 7 செ.மீ. அளவுதான் மிஞ்சும்.

இன்னொரு நுணுக்கம்: 300 மி.மீ.இல் எஃப்/5.6 கிடைக்க ஒளி நுழைய 53 மி.மீ. அகல வழி வேண்டும். இந்தக் கண்ணாடியின் பின்புற மரையே 43 மி.மீ.தான். திரையில் 5.6 என்று காட்டினாலும் உள்ளே வருவது எஃப்/7-க்கும் குறைவான ஒளி. பூச்சிக்கு அந்த அளவு திறந்து யாரும் எடுப்பதில்லை என்பதால் நஷ்டம் ஒன்றும் இல்லை. திறந்த அப்பர்ச்சரில் ஒளி கணக்கு உதைக்கிறதே என்று கேமராவைச் சந்தேகப்பட வேண்டாம், அவ்வளவுதான்.

இனி தூரம். முகப்புக் கண்ணாடியிலிருந்து பூச்சி வரை சுமார் 11 முதல் 12 செ.மீ. இந்த எண்ணை மனதில் எழுதிக்கொள்ள வேண்டும், ஏனென்றால் ஜூமை 100-இல் வைத்தாலும் 300-இல் வைத்தாலும் இது கிட்டத்தட்ட மாறாது. பூச்சியை நோக்கி ஒரு அடிகூட நகராமல் ஃப்ரேமை இறுக்கலாம், தளர்த்தலாம். தனி மேக்ரோ லென்ஸில் நெருக்கமாக வேண்டுமானால் உடம்போடு நெருங்க வேண்டும், பூச்சி பறந்துவிடும். 300-இல் வைத்துக்கொண்டு வ்யூஃபைண்டரில் பூச்சியைத் தேடுவது பெரும்பாடு. எங்கு பார்த்தாலும் பச்சைக் கலங்கல். 100-இல் வைத்துப் பூச்சியை நடுவில் பிடித்து, பிறகு அப்படியே 200, 250 என்று சுற்றுவதுதான் முறை. சில ஜூம்களில் சுற்றும்போது ஃபோகஸ் ஒரு இம்மி நழுவும். உடம்பை ஒரு இம்மி அசைத்தால் சரியாகும்.

அந்த 11-12 செ.மீ.க்கு முன்னும் பின்னும் எதுவும் ஃபோகஸ் ஆகாது. மிகக் குறைந்த ஃபோகஸ் தூரம் 1.5 மீட்டர் கொண்ட ஜூமில், வளையத்தை முடிவிலியிலிருந்து மறுகோடி வரை சுற்றினாலும் கூர்மைத் தளம் நகர்வது சுமார் ஒரு சென்டிமீட்டர். ஆட்டோஃபோகஸுக்கு மொத்தம் அந்த ஒரு சென்டிமீட்டர்தான் புழங்க இடம். அதற்கு வெளியே பூச்சி இருந்தால் லென்ஸ் முன்னும் பின்னும் உறுமிவிட்டு ஓய்ந்துவிடும். மேனுவலில் வைத்து, முடிவிலிக்குச் சுற்றிவிட்டு, உடம்பை முன்னும் பின்னும் மெல்ல ஆட்டி, கண் கூர்மையாகும் நொடியில் அழுத்துவதே கைக்கு வரும் வழி. புதிய மிரர்லெஸ் கேமராக்களில் ஃபோகஸ் பிராக்கெட்டிங் (ஃபோகஸை இம்மி இம்மியாக நகர்த்தித் தொடர்ந்து எடுப்பது) இருந்தால் மட்டும் அந்த ஒரு சென்டிமீட்டர் பெரிய வரம்: அதிகாலையில் அசையாமல் இருக்கும் பூச்சிக்கு 15, 20 ஃப்ரேம்களைத் தானாக எடுத்து, கணினியில் அடுக்கிச் சேர்க்கலாம்.

கூர்மை ஆழம் எவ்வளவு? 200 மி.மீ., 1.6 மடங்கு, எஃப்/16, மேலே சொன்ன 23.5 மி.மீ. அகல ஏபிஎஸ்-சி சென்சார் என்றால் கால் மில்லிமீட்டர். குதிக்கும் சிலந்தியின் முன்னால் இருக்கும் இரண்டு பெரிய கண்களைப் பிடித்தால், தலையின் பின்பக்கத்தில் இருக்கும் சின்னக் கண்கள் கலங்கிவிடும். இது கண்ணாடியின் குறை இல்லை, இந்த அளவு பெரிதாக்கும் எந்த லென்ஸிலும் இதுதான். செய்யக்கூடியது கோணத்தைத் தேர்வது: பக்கவாட்டில் எடுத்தால் உடம்பு முழுவதையும் சென்சாருக்கு இணையாக வைக்க வேண்டும், நேரே முகத்தை எடுத்தால் அந்த இரண்டு கண்களும் ஒரே தளத்தில் விழ வேண்டும். ஒரு கண் கூர்மை, மறு கண் மங்கல் என்று வருகிற படத்துக்குக் காரணம் பெரும்பாலும் சில பாகைச் சாய்வுதான்.

அசைவைப் பற்றியும் ஒரு கணக்கு. இரண்டு மடங்கில், காற்றில் பூச்சி 1 மி.மீ. ஆடினால் சென்சாரில் பிம்பம் 2 மி.மீ. ஓடும். 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி சென்சாரில் அது ஏறத்தாழ 500 பிக்சல். லென்ஸில் உள்ள அதிர்வுத் தடுப்பு வ்யூஃபைண்டரை நிதானமாக்கும், இந்த ஓட்டத்தைத் தடுக்காது. முக்காலியும் பயன்படாது, ஆடுவது தண்டு. இதற்கான கைப்பழக்கம் ஒன்று இருக்கிறது: இடது கையின் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் தண்டைப் பூச்சிக்கு நாலு விரல் கீழே மெல்லப் பிடித்து, அதே கையின் மணிக்கட்டுப் பக்கத்தில் லென்ஸின் குழலைத் தாங்கவைப்பது. பூச்சியும் லென்ஸும் ஒரே கையில் நிற்பதால் இரண்டும் சேர்ந்தே ஆடும். 11 செ.மீ. தூரம் இதற்கு அளவெடுத்தாற்போல் பொருந்துகிறது. வழக்கமான கையின் நீளத்துக்குள் அடங்குகிறது. இதைவிட நீண்ட தூரம் கொண்ட கண்ணாடிகளில் இந்த வித்தை நடக்காது. தண்டைத் தொடும்போது விரல் பூச்சியின் மேலே நிழல் போடக் கூடாது. பெரும்பாலான பூச்சிகள் பயப்படுவது திடீர் நிழலுக்கு.

ஒளிதான் இந்தக் கண்ணாடியின் வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கிறது. எஃப்/16-இல் மரநிழலில் இயற்கை ஒளியை நம்பினால் ஷட்டர் 1/30-க்கு இறங்கும், படம் தேறாது. ஃப்ளாஷ் கட்டாயம், அதன் ஒளியைப் பரப்பும் டிஃப்யூசர் அதைவிடக் கட்டாயம். கேமராவின் மேலே எழும்பும் சின்ன ஃப்ளாஷை அப்படியே அடித்தால், நீட்டிய ஜூமின் குழலே பூச்சியின் மேல் நிழலாக விழும். படத்தின் கீழ்ப்பாதி கறுத்து வந்தால் காரணம் அதுதான். கேமராவின் தலையில் உள்ள ஹாட் ஷூவில் தனி ஃப்ளாஷ் மாட்டி, அதன் தலையிலிருந்து லென்ஸின் நுனிவரை ஒளியைக் கொண்டுவர வேண்டும்.

டிஃப்யூசருக்குக் கடைச்சரக்கு தேவையில்லை. பொருட்களைச் சுற்றி வரும் வெள்ளை ஃபோம் தாள், 1 அல்லது 2 மி.மீ. தடிமன், ஏ4 அளவில் ஒன்று போதும். ஃப்ளாஷ் தலையில் ரப்பர் பேண்டால் கட்டி, லென்ஸின் மேலாக வளைத்து, கீழ் விளிம்பு ரேனாக்ஸின் முகப்பைத் தாண்டி 2 அல்லது 3 செ.மீ. நீண்டு தொங்கும்படி வைக்க வேண்டும். உள்ளே இரண்டு மூன்று செ.மீ. இடைவெளி விட்டு இன்னொரு சின்ன ஃபோம் துண்டைத் திரைபோல் வைத்தால் நடுவில் விழும் கடும் ஒளி பரவிவிடும். சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க வண்டு ஒன்றின் முதுகைப் பெரிதாக்கிப் பார்த்தால் போதும். கூரிய வெள்ளைச் சதுரம் தெரிந்தால் ஒளி இன்னும் பரவவில்லை. ஓரம் கரைந்த அகலமான வெளிச்சம் தெரிந்தால் பரவியிருக்கிறது.

தொடக்க அமைப்பு: ஷட்டர் 1/200, ஐஎஸ்ஓ 200 அல்லது 400, எஃப்/13, ஃப்ளாஷ் மேனுவலில் 1/16. பூச்சியின் தூரம் எப்போதும் அதே 11 செ.மீ. என்பதால், ஒருமுறை சரிசெய்த ஃப்ளாஷ் அளவு நாள் முழுக்கப் பொருந்தும். கேமராவே ஃப்ளாஷ் அளவைத் தீர்மானிக்கும் டிடிஎல் முறை பளபளக்கும் வண்டைக் கண்டால் ஒளியைக் குறைத்துவிடும், கரிய எறும்பைக் கண்டால் கூட்டிவிடும். இந்த வேலைக்கு மேனுவல்தான் அமைதி. ஃப்ளாஷை 1/16 அல்லது அதற்குக் கீழே வைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு: குறைந்த அளவில் மின்வீச்சு மிகக் குறுகியது, பல ஃப்ளாஷ்களில் நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. அசைவை உறையவைப்பது ஷட்டர் இல்லை, இந்தக் குறுகிய வீச்சுதான். பின்னணி முழுக்கக் கறுத்துப்போகிறதே என்றால், பூச்சிக்குப் பின்னால் ஒரு சாண் தூரத்துக்குள் இலை ஒன்று விழும்படி கோணத்தை மாற்றலாம். அல்லது ஐஎஸ்ஓவை 800-க்கு ஏற்றி, வானமோ வெயில் விழும் புல்லோ பின்னால் வரும்படி பார்த்துக்கொண்டு, ஃப்ளாஷைக் குறைக்கலாம்.

எந்தப் பூச்சிகளுக்கு? 3 மி.மீ. முதல் 15 மி.மீ. வரை இருப்பவை. குதிக்கும் சிலந்தி முதலிடம். அது ஓடாமல் திரும்பி லென்ஸையே முறைத்துப் பார்க்கும், கண்கள் தானாக ஒரே தளத்துக்கு வரும். பொறிவண்டு, தத்துப்பூச்சி, இரை கவ்விய ஈ, அசுவினிக் கூட்டமும் அதை மேய்க்கும் எறும்புகளும், இலையின் அடிப்பக்கத்து முட்டைகள், கும்பிடுபூச்சியின் குஞ்சு எல்லாம் இதற்கென்றே படைத்தவை. ஓடும் எறும்பைத் துரத்தினால் ஒன்றும் கிடைக்காது. அது நின்று தேன் குடிக்கும் இடத்தில் முன்கூட்டியே ஃபோகஸ் வைத்துக் காத்திருந்தால் கிடைக்கும். வண்ணத்துப்பூச்சிக்கும் முழுத் தட்டானுக்கும் இந்தக் கண்ணாடியைக் கொண்டுபோவது வீண். 60 மி.மீ. இறக்கையை 15 மி.மீ. ஃப்ரேமில் திணிக்க முடியாது, 12 செ.மீ. வரை நெருங்கவும் அவை விடா. விடியலில் பனியோடு உறைந்திருக்கும்போது மட்டும் தட்டானின் கூட்டுக்கண் படங்களை இதில் எடுக்கலாம். வெயில் ஏறி உடம்பு சூடானதும் அந்த வாய்ப்பு மூடிவிடும். இதற்காகப் பூச்சியைக் குளிர்பெட்டியில் வைத்து மரக்கவைக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. காலை ஆறு மணிக்கு எழ முடியாதவர்கள் செய்கிற வேலை அது.

படத்தின் தரம் நடுவில் மிக நன்று, ஓரங்களில் சுமார். கூர்மைத் தளம் முழுத் தட்டையாக இல்லாமல் ஓரங்களில் லேசாக வளைகிறது. இலையின் நரம்புகளை நேரே வைத்து எடுத்தால் தெரியும். பூச்சி நடுவில் இருக்கும் படத்தில் ஓரம் எப்படியும் மங்கல் என்பதால் தெரியாது. மொத்தக் கூர்மை பின்னால் இருக்கும் ஜூமைப் பொறுத்தது. பல 70-300 ஜூம்கள் 300-இல் சொதசொதவென்று இருக்கும்; அந்தக் குறையையும் ரேனாக்ஸ் பெரிதாக்கிக் காட்டும். அப்படிப்பட்ட ஜூமில் 200-லிருந்து 240 வரை நின்று, மீதியைக் கணினியில் வெட்டிக்கொள்வதே மேல்.

குறை என்று சொல்ல வேண்டியது கூடவே வரும் கிளிப். 52 முதல் 67 மி.மீ. வரை எந்த ஃபில்டர் மரையிலும் இரண்டு பக்கமும் அழுத்தி மாட்டலாம், நொடியில் கழற்றலாம். பிளாஸ்டிக் வில்தான் பிடி. புதரில் ஒரு குச்சி பக்கவாட்டில் தள்ளினால் கழன்று விழும். மாட்டும்போது ஒரு பக்கம் மரையில் உட்காராமல் போனால் கண்ணாடி சாய்ந்து நின்று, படத்தின் ஒரு ஓரம் மட்டும் கலங்கும். அந்தக் கலங்கலை லென்ஸ் பழுது என்று நினைத்துவிடுவார்கள். தொடர்ந்து பயன்படுத்துபவர்கள் கிளிப்பைக் கழற்றிவிட்டு, கண்ணாடியின் 43 மி.மீ. பின்மரையில் உலோகக் குறைப்பு வளையம் போடுவது நல்லது: 58 மி.மீ. லென்ஸுக்கு 58-லிருந்து 43, 67-க்கு 67-லிருந்து 43. வளையம் உறுதி, ஆனால் வண்ணத்துப்பூச்சி வந்து உட்கார்ந்தால் திருகிக் கழற்றும் வரை அது காத்திராது. வனத்தில் பறவையும் பூச்சியும் மாறி மாறி எடுப்பவருக்குக் கிளிப்தான் வசதி. 72, 77 மி.மீ. லென்ஸ்களுக்கு 67-க்கு இறக்கும் வளையத்தை நிரந்தரமாக விட்டு, அதன்மேல் கிளிப்பை மாட்டலாம்.

முன்பக்கம் 49 மி.மீ. ஃபில்டர் மரை இருக்கிறது. கண்ணாடி முகப்புக்கு மிக அருகில் இருப்பதால் டிஃப்யூசரின் ஒளி நேரே விழுந்து படம் வெளிறும். 49 மி.மீ. குட்டை ரப்பர் ஹூட் ஒன்று மாட்டினால் வெளிறல் நீங்கிக் கறுப்பு கறுப்பாகத் தெரியும். அதற்கு விலையாகப் பூச்சி வரை உள்ள தூரத்தில் ஒன்றரை, இரண்டு செ.மீ. குறையும்.

சற்றுப் பெரிய பூச்சிகள்தான் பிரதானம் என்றால் இதன் தம்பி டிசிஆர்-150 பொருத்தம்: 4.8 டயாப்டர், குவியத்தூரம் 208 மி.மீ., பூச்சி வரை ஏறத்தாழ 20 செ.மீ., 200-இல் ஒன்றுக்கு ஒன்று அளவு. பழகுவதற்கும் அது எளிது. வண்ணத்துப்பூச்சிக்கு 2 டயாப்டர் கேனான் 500டி போன்றவை, 300-இல் 0.6 மடங்கு, தூரம் அரை மீட்டர். எதிர்த்திசையில் ரேனாக்ஸின் எம்எஸ்என்-202 என்ற 25 டயாப்டர் கண்ணாடி இருக்கிறது; 4 செ.மீ.க்குள் போக வேண்டியிருப்பதால் உயிருள்ள பூச்சியிடம் செல்லுபடியாகாது. 150-ஐயும் 250-ஐயும் ஒன்றன் மேல் ஒன்றாகவும் மாட்டலாம், நடுவில் 49-லிருந்து 43-க்கு இறக்கும் வளையம் வேண்டும். இரண்டும் சேர்ந்து 12.8 டயாப்டர்; 250 மி.மீ. ஜூமில் 3.2 மடங்கு வரும். தூரம் 7 செ.மீ.க்குச் சுருங்கும், ஓரங்கள் இன்னும் கரையும். இலையில் ஒட்டிய முட்டைக்கும் உதிர்ந்த இறக்கையின் செதிலுக்கும் போதும்.